கழற்றத் தேவையில்லாத கையுறை: உறைகிடங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

எங்களுடையது பாதுகாப்பு உடைகள் தைக்கும் சிறிய பட்டறை. உறைகிடங்கு ஒன்றில் வேலை செய்யும் 14 பேருக்குக் கையுறை செய்து தரும் பணி எங்களிடம் வந்தது. முதல் முறை தவறினோம். இரண்டாம் முறை பாதிதான் தேறியது. மூன்றாவது சாம்பிளில்தான் அவர்கள் கையுறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். இடையில் கண்டவற்றையும், எதை ஏன் முடிவு செய்தோம் என்பதையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன். கிடங்கின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

உறைந்த பொருள்களைச் சேமித்து வெளியே அனுப்பும் கிடங்கு அது. உறைந்த உணவுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். கதவு திறந்து மூடும்போது ஏறும் வெப்பத்துக்கும் இடம் வைத்து, உள்ளே மைனஸ் 24 வரை இறக்கியிருந்தார்கள். குளிர்விப்பான்களின் விசிறிகள் ஓய்வதே இல்லை. அதனால் கூரைக்குக் கீழேயும் எப்போதும் காற்று வீசும். கதவுக்கு வெளியே சரக்கு ஏற்றும் தளம். அங்கே சுமார் 5 டிகிரி, ஈரம் மிகுந்த காற்று. தொழிலாளர்கள் 40 நிமிடம் உள்ளே, 15 நிமிடம் வெளியே என்று மாறி மாறி இருந்தார்கள்.

14 பேரில் 8 பேர் பெட்டிகளை எடுத்து அடுக்குபவர்கள். 3 பேர் லேபிள் ஒட்டி, ஸ்கேனரால் சரிபார்ப்பவர்கள். 3 பேர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள். எல்லோருக்கும் ஒரே கையுறை, ஒரே அளவு.

லேபிள் ஒட்டும் அம்மா ஒருவரின் வலது ஆள்காட்டி விரல் நுனி ஒரு நாள் மெழுகுபோல் வெளுத்துவிட்டது. சட்டைப் பொத்தான் அளவு இடத்தில் உணர்வே இல்லை. வெளியே வந்து சூடேறியதும் நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது என்றார். சில நாள் கழித்து அந்த இடத்தில் தோல் உரிந்தது. பனிக்கடியின் முதல் கட்டம் அது. அதற்குமேல் போகாதது நல்ல காலம். மேலாளர் எங்களை அழைத்து ஒரே வரியில் கேட்டார்: இன்னும் தடிமனான கையுறை வேண்டும்.

முதல் முயற்சி: கேட்டதைக் கொடுத்தோம்

கிடங்கைப் போய்ப் பார்க்காமலேயே ஒப்புக்கொண்டோம். இந்த நிகழ்வில் நாங்கள் செய்த மிகப் பெரிய பிழை அதுதான்.

குளிர்காப்புக் கையுறைகளுக்கு இ.என். 511 என்ற ஐரோப்பியத் தரக்குறி உண்டு. அதில் மூன்று எண்கள் வரும். முதல் எண் காற்றால் வரும் குளிரைத் தாங்கும் திறன், இரண்டாவது எண் குளிர்ந்த பொருளைத் தொடுவதால் வரும் குளிரைத் தாங்கும் திறன். இரண்டும் 0 முதல் 4 வரை. மூன்றாவது எண் தண்ணீர் புகாமை. 0 அல்லது 1. அவர்களிடம் இருந்த கையுறையில் முதல் இரண்டு எண்களும் 1. அவை 3, 2 ஆக உயரும்படி பஞ்சை இரட்டிப்பாக்கி, வெளியே பிவிசி பூச்சுக் கொடுத்து அனுப்பினோம். தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கையுறை.

ஒரே வாரத்தில் மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. "கையுறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் போட்டுக்கொள்வதில்லை" என்றார். தவறான பெட்டியில் லேபிள் ஒட்டப்படுவது கூடியிருந்தது. இன்னொருவருக்கும் விரல் நுனி வெளுத்தது. முன்பைவிடத் தடித்த கையுறை, முன்பைவிடக் குளிர்ந்த விரல். இது எப்படி என்ற கேள்வியோடுதான் நானும், துணி வெட்டும் வடிவங்களை வரையும் எங்கள் பேட்டர்ன் மாஸ்டரும் கிடங்குக்குப் போனோம்.

இரண்டு நாள் உள்ளே நின்று பார்த்தது

ஆளுக்கு ஒரு பென்சிலும் அட்டையும் எடுத்துப் போனோம். ஒவ்வொரு முறை கையுறை கழலும்போதும் ஒரு கோடு. கூடவே காரணத்துக்கு ஓர் எழுத்து: லேபிளுக்கு ல, ஸ்கேனருக்கு ஸ், கத்திக்கு க.

விரல் வெளுத்த அதே அம்மாவின் அருகில் 40 நிமிடம் நின்றேன். வலது கையுறை 31 முறை கழன்றது. வெறுங்கையாக இருந்த நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 11 நிமிடம். ஒரு முறை நடந்ததை மட்டும் விவரிக்கிறேன். நடுவிரல் நுனித் துணியைப் பல்லால் கடித்து இழுக்கிறார். வேர்வையில் ஊறிய உள்துணி கையோடு ஒட்டிக்கொண்டு, உள்பக்கம் வெளியாகப் புரண்டு வருகிறது. லேபிள் சுருளின் ஓரத்தை நகத்தால் தேடுகிறார். ஓரம் எழும்பவில்லை. வாயருகே கொண்டுபோய் ஊதுகிறார். எழும்புகிறது, ஒட்டுகிறார். அடுத்து ஸ்கேனரை எடுக்கிறார். அதன் அலுமினியப் பிடியில் வெறும் விரல்கள் படிகின்றன. திரையைத் தொடுகிறார். பிறகு புரண்டுபோன உள்துணியைப் பென்சிலின் பின்முனையால் விரல் விரலாக உள்ளே குத்தித் தள்ளுகிறார். ஐந்தாவது விரல் சரியாகப் போகவில்லை. சுண்டுவிரலை உள்ளங்கையில் மடக்கி வைத்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போகிறார்.

"தம்பி, கையுறைக்குள் கை போவதற்குள் கையில் இருந்த சூடும் போய்விடுகிறது" என்றார் அவர்.

அதில் நாங்கள் யோசிக்காத ஓர் உண்மை இருந்தது. கழற்றிய கையுறை திறந்த வாயோடு மைனஸ் 24 டிகிரியில் தொங்கும்போது அதன் உட்புறமும் குளிர்ந்துவிடுகிறது. கையுறை தானாகச் சூடு தருவதில்லை. கை தரும் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்த விரல் குளிர்ந்த பஞ்சுக்குள் நுழைந்தால் முதலில் அந்தப் பஞ்சைத்தான் சூடாக்க வேண்டும். பஞ்சு எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு கூடுதல் சூட்டை அந்த விரலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 31 முறை கழற்றும் கைக்குத் தடிமன் உதவியாக இல்லை, சுமையாகவே இருந்தது.

பெட்டி அடுக்குபவர்கள் அதே நேரத்தில் 6 முறைக்கு மேல் கழற்றவில்லை. அவர்கள் உடல் உழைப்பில் சூடாகவே இருந்தார்கள், உள்ளே வேர்த்தது. அவர்களுக்குச் சிக்கல் இடைவேளையில் தொடங்கியது. தளத்துக்கு வந்தவுடன் குளிர்ந்த கையுறையின் மேல் ஈரக்காற்று பட்டு நீர் கோத்தது. திரும்ப உள்ளே போனதும் அது உறைந்தது. வெளியே நீர், உள்ளே வேர்வை. தண்ணீர் காற்றைப் போல 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் காப்பு. அந்த இடத்தில் நீர் புகுந்தால் பஞ்சு இருந்தும் பயனில்லை.

ஓட்டுநர்கள் கையுறையைக் கழற்றவே இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 14 பேரில் அதிகம் குளிர்ந்த கை அவர்களுடையதுதான். உட்கார்ந்த வேலை, வண்டி ஓடுவதால் கூடும் காற்று, கையில் அசையாமல் பிடித்த உலோக நெம்புகோல்.

இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. லேபிள் பிரிவில் இருந்த பெண்கள் இருவரின் கைக்கும் 7ஆம் அளவு போதும். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது 9. ஒவ்வொரு விரல் நுனிக்கும் மேலே 8 மி.மீ. வெற்றுத் துணி மடிந்து கிடந்தது. லேபிளை எடுக்கப் போனால் முதலில் அந்த மடிப்புதான் லேபிளைத் தொடும். அடுத்து, எங்கள் பிவிசி பூச்சு. பட்டறையில் மெத்தென்று இருந்த அது, உள்ளே 10 நிமிடத்தில் அட்டைபோல் விறைத்தது. விரலை மடக்க ஒவ்வொரு முறையும் அந்த அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

விரல் ஏன் முதலில் கைவிடுகிறது

வடிவமைப்பு முடிவுகளுக்கு அடிப்படையாக இருந்த உடலியலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை முன்பே படித்திருந்தால் முதல் கையுறையை நாங்கள் தைத்திருக்கவே மாட்டோம்.

உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் உடல் முதலில் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. இதயத்தையும் மூளையையும் காக்க விரல்களை விட்டுக்கொடுக்கிறது. விரலுக்குள் தசை எதுவும் இல்லை. அசைந்து சூடு உண்டாக்க அதற்கு வழியில்லை. இரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதன் ஒரே வரவு. ஒல்லியான உருளை வடிவம் என்பதால், உள்ளிருக்கும் பருமனுக்கு வெளிப்பரப்பு மிக அதிகம். குளிரில் செலவு வரவை எளிதில் மிஞ்சும் உறுப்பு.

அதே உருளை வடிவம்தான் தடித்த பஞ்சையும் தோற்கடிக்கிறது. சுவர்போன்ற தட்டைப் பரப்பில் பஞ்சை இரட்டித்தால் காப்பும் ஏறக்குறைய இரட்டிக்கும். விரலைச் சுற்றினால், பஞ்சு தடிக்கத் தடிக்க வெளிவட்டமும் பெருக்கிறது. வெப்பம் வெளியேறும் பரப்பும் கூடுகிறது. சுமார் 6 மி.மீ. தாண்டியபின் சேர்க்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மிகச் சொற்பமாகவே உதவும். ஆனால் விரல் மடங்குவதை அது பெரிதும் தடுக்கும். விரல்களைப் பிரிக்காத மிட்டன் சூடாக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம். நான்கு ஒல்லி உருளைகள் சேர்ந்து ஒரு பெரிய உருளை ஆகின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகிறது.

விரல் தோலின் வெப்பநிலை சாதாரணமாக 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அது 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது விரல்களின் லாவகம் குறையத் தொடங்குகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வு வேகமாக மங்குகிறது. அந்த நிலையில் வெறுங்கையாக இருந்தாலும் லேபிளின் ஓரம் விரலுக்குத் தெரியாது. சூடும் லாவகமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்து, ஒன்றைக் கூட்ட மற்றொன்றைக் குறைக்க வேண்டும் என்றே நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். குளிர்ந்த விரலுக்கு லாவகமே இல்லை என்பதால் அந்தக் கணக்கே தவறு.

இதோடு சேர்த்து முன்கையையும் பார்க்க வேண்டும். விரலை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு வருகின்றன. விரலுக்குப் போகும் இரத்தமும் மணிக்கட்டின் உட்பக்கத்தில், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. எங்கள் கையுறை மணிக்கட்டில் முடிந்தது. அவர்களின் மேலங்கியின் கை அதற்கு இரண்டு விரல்கடை மேலேயே நின்றது. நாடி பிடித்துப் பார்க்கும் அந்த இடம் நாள் முழுவதும் திறந்து கிடந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதை அளப்பது என்பது. காப்பு எண்ணை இலக்காக வைப்பதை விட்டோம். "40 நிமிடத்தில் வலது கையுறை எத்தனை முறை கழல்கிறது?" என்பதையே இலக்கு ஆக்கினோம். மேலாளருக்கு இதை விளக்கச் சற்று நேரம் பிடித்தது. கோடு போட்ட அட்டையைக் காட்டியபின் ஏற்றுக்கொண்டார்.

விரல் நுணுக்கத்துக்கென்று தனித் தரச்சோதனை இருக்கிறது. கையுறை போட்ட கையால் உலோகக் குச்சியை 30 விநாடிக்குள் மூன்று முறை எடுக்க வேண்டும். 11 மி.மீ. விட்டமுள்ள குச்சியை எடுத்தால் நிலை 1, 5 மி.மீ. குச்சியையும் எடுக்க முடிந்தால் நிலை 5. நல்ல சோதனைதான், ஆனால் அது சாதாரண அறையில், சூடான கையால் செய்யப்படுவது. எங்களுக்கு வேண்டியது மைனஸ் 24 டிகிரியில் 30 நிமிடம் நின்ற கை. அதனால் கிடங்குக்குள்ளேயே ஒரு சோதனை வைத்தோம்: உள்ளே வந்தவுடன் 20 லேபிள், 30 நிமிடம் கழித்து மீண்டும் 20 லேபிள். இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதே மதிப்பெண்.

இரண்டாவது முடிவு, ஒரே கையுறை என்ற எண்ணத்தைக் கைவிடுவது. ஓட்டுநருக்கு லேபிள் எடுக்கும் வேலை இல்லை. அவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனியாக, மற்ற மூன்று விரல்களும் ஒரே பையில் இருக்கும் கையுறை போதும். அடுக்குபவருக்கு வேர்வை வெளியேற வேண்டும். லேபிள் ஒட்டுபவருக்கு விரல் நுனி. ஆக மூன்று வகை.

மூன்றாவது முடிவு கையுறை சம்பந்தப்பட்டதே இல்லை. லேபிள் சுருளின் ஓரத்தை நகத்தால் தேடுவது சூடான அறையில்கூடச் சிரமம். அதற்கேற்பக் கையுறை தைக்க முயல்வதைவிட அந்த வேலையையே மாற்றலாம் என்று மாஸ்டர் சொன்னார். லேபிள் ஒட்டியிருக்கும் அடித்தாளைக் கூர்மையான விளிம்பில் மடக்கி இழுத்தால் லேபிள் தானாகவே எழும்பி நிற்கும். அந்த முறையில் இயங்கும் சிறு கருவியைத் தள்ளுவண்டியில் பொருத்தச் சொன்னோம். ஸ்கேனரின் அலுமினியப் பிடியிலும் ஓட்டுநரின் நெம்புகோலிலும் மூடிய கண்ணறை கொண்ட, அதாவது சிறு காற்றுக் குமிழ்கள் உள்ளே அடைபட்ட, நுரைப்பட்டை சுற்றினோம். உள்ளங்கையில் பஞ்சை வைத்தால் பிடிக்கும்போதெல்லாம் அது நசுங்கி வீணாகும். அதே காப்பைப் பிடியில் வைத்தால் விரல் கனக்காது.

தையலில் என்ன மாற்றினோம்

இந்தப் பகுதி மாஸ்டரின் உழைப்பு. அவர் முதலில் செய்த காரியம், தன் கையை மேசைமேல் தளர்வாக வைத்தது. "கை சும்மா இருக்கும்போது நேராகவா இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை, எல்லோருடைய கையும் பாதி மூடியே இருக்கும். ஆனால் தட்டையாக வெட்டிய கையுறை விரலை நேராக நிறுத்தவே பார்க்கும். மடக்கும்போதெல்லாம் மேல்பக்கத் துணி இறுகும், உள்பக்கத் துணி மடிப்பாகத் திரண்டு விரலுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கும். இறுகிய மேல்பக்கத்தில் பஞ்சு நசுங்கும், காப்பும் போகும்.

அவர் ஆள்காட்டி விரலின் மேல்துண்டை உள்துண்டைவிட 8 மி.மீ. நீளமாக வெட்டினார். கூடுதல் நீளத்தை இரண்டு கணுக்களின் இடத்தில் மட்டும் சிறு சுருக்கமாகக் கொடுத்துத் தைத்தார். தைத்து முடித்த கையுறை மேசையில் தட்டையாகப் படுக்கவில்லை; எதையோ பிடிக்கப் போவதுபோல் வளைந்து உட்கார்ந்தது. அதைக் கையில் மாட்டிய கணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விரலை மடக்க எந்த எதிர்ப்பும் இல்லை.

விரல் நுனித் தையலைத் தொடும் சதையிலிருந்து அகற்றி நகத்தின் மேல்பக்கம் கொண்டுபோனார். உள்ளங்கைக்கும் விரலின் உட்பக்கத்துக்கும் மெல்லிய ஆட்டுத்தோல். அது குளிரில் பிவிசி போல விறைப்பதில்லை. புறங்கையில் மட்டும் 6 மி.மீ. பஞ்சு. உள்ளங்கையில் பஞ்சே இல்லை. பிடி அழுந்தும் மூன்று இடங்களில் மெல்லிய நுரைத்துண்டு.

உள்துணி விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கழற்றி உலர்த்தும்படி தனியாக இருக்க வேண்டும் என்றேன் நான். தனியாக இருந்தால் வேர்த்த கையோடு புரண்டு வரும், விரல் நுனியில் பிணைக்க வேண்டும் என்றார் அவர். என் பேச்சுப்படி முதலில் தைத்தோம்.

இரண்டாவது சாம்பிள்: பாதி வெற்றி

கழற்றும் எண்ணிக்கை 31லிருந்து 14 ஆக இறங்கியது. லேபிள் கருவிதான் பெரும்பங்கு வேலை செய்தது. ஆனால் மூன்று குறைகள்.

உள்துணி மறுபடியும் புரண்டு வந்தது. மாஸ்டர் சொன்னது சரி.

அடுத்தது திரை. ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளி பூசிய நூலால் தைத்திருந்தோம், கையுறையோடு திரையைத் தொடலாம் என்று. திரை அசையவே இல்லை. இத்தகைய திரைகள் விரலின் மின்கடத்தலை உணர்ந்து இயங்குபவை. வெளித்தோலில் மட்டும் கடத்தும் நூல் இருந்து, உள்ளே காய்ந்த உள்துணி மறித்தால், திரையைப் பொறுத்தவரை அங்கே விரலே இல்லை. நூல் விரலின் தோல் வரை தொடர்ந்து போக வேண்டும்.

மூன்றாவது, ஓட்டுநர்களில் ஒருவர் விரல் பிரித்த கையுறையே வேண்டும் என்று கேட்டிருந்ததால் அவருக்கு அதையே கொடுத்திருந்தோம். நடுவிரலின் பக்கவாட்டில் சிறு வெப்ப உணரியை ஒட்டிப் பார்த்தபோது 40ஆவது நிமிடத்தில் 13 டிகிரி காட்டியது. லாவகம் குறையும் எல்லையைத் தாண்டிவிட்ட அளவு.

மூன்றாவது சாம்பிள்

இருவர் சொன்னதையும் சேர்க்க முடியும் என்பது இப்போது புரிந்தது. கையில் எப்போதும் இருக்கும் மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுறை ஒன்று தனியாக. அதன் மேல் தடித்த மேலுறை. மேலுறையின் உள்பக்கம் வழுவழுப்பான துணி, அதன் ஒவ்வொரு விரல் நுனியும் வெளித்தோலின் தையல் ஓரத்தோடு சிறு நாடாவால் பிணைக்கப்பட்டது. மேலுறையைக் கழற்றினால் கம்பளி கையோடு நிற்கும், வழுவழுப்புத் துணி மேலுறையோடு நிற்கும். எதுவும் புரளாது. கழற்ற நேர்ந்தாலும் விரல் வெற்று உலோகத்தைத் தொடாது. வேர்வையைக் கம்பளி வாங்கிக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றும் அது தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆளுக்கு இரண்டு ஜோடி உள்ளுறை கொடுத்து, ஒவ்வொரு இடைவேளையிலும் காய்ந்ததை மாற்றச் சொன்னோம். தளத்தில் மேலுறைகளைத் தலைகீழாக மாட்டிக் காற்று செலுத்தும் உலர்த்தும் சட்டம் ஒன்றும் வைக்கப்பட்டது.

வெள்ளி நூல் உள்ளுறையின் நுனியிலும் மேலுறையின் நுனியிலும் ஒரே இடத்தில் வரும்படி தைத்தோம். திரை இயங்கியது.

மணிக்கட்டுக்கு ஒரு கம்பளிக் குழாய் பின்னினோம். முன்கையின் நடுவில் தொடங்கி, கட்டைவிரலுக்குத் துளை விட்டு, விரல் கணு வரை வரும். இறுக்கும் எலாஸ்டிக் எங்கும் இல்லை. இறுக்கினால் இரத்த ஓட்டமும் குறையும், கம்பளியும் நசுங்கும். மேலுறையின் கைப்பட்டை இந்தக் குழாய்க்கு மேலே, மேலங்கியின் கைக்குள் போய் முடியும். இந்தத் திட்டத்தில் தைக்க மிக எளிதாக இருந்தது இந்தக் குழாய்தான். தொழிலாளர்கள் முதலில் நன்றி சொன்னதும் அதற்குத்தான்.

அளவுகள் 7 முதல் 11 வரை. ஒவ்வொருவர் கையையும் அளந்தோம்.

அதிகம் உடலசைவு இல்லாமல் வேலை செய்யும் லேபிள் பிரிவினருக்கும் ஓட்டுநர்களுக்கும் மேலங்கிக்குள் அணிய ஒரு கூடுதல் கையில்லாச் சட்டையையும் பரிந்துரைத்தோம். உடலின் நடுப்பகுதி சூடாக இருந்தால்தான் உடல் விரலுக்கு இரத்தம் அனுப்பும். கையின் குளிருக்கு மார்பில் போர்த்துவது விந்தையாகத் தோன்றினாலும் காரணம் திடமானது.

பின்னர் நிகழ்ந்தவை

ஆறு வாரம் கழித்து மீண்டும் அட்டையோடு போனோம். அதே அம்மா, அதே 40 நிமிடம். மேலுறை 4 முறை கழன்றது, உள்ளுறை ஒரு முறைகூடக் கழலவில்லை. 20 லேபிள் சோதனையில், 30 நிமிடத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆனது. லேபிள் பிரிவினரின் விரல் 40ஆவது நிமிடத்தில் 17 முதல் 19 டிகிரிக்குள் இருந்தது. விரல் பிரித்த கையுறை கேட்ட ஓட்டுநர் மூன்று விரல் பைக்கு மாறியபின், அதே இடத்தில் 19 டிகிரி. அந்த ஆறு வாரத்தில் யாருக்கும் விரல் வெளுக்கவில்லை.

ஒருவரைத் தவிர. அடுக்குபவர்களில் ஒரு இளைஞருக்கு, 5 டிகிரித் தளத்தில் நிற்கும்போதே இரண்டு விரல்கள் திடீரென்று வெளுத்து, பிறகு நீலமாகி, பின் சிவந்தன. எந்தக் கையுறையிலும் இது மாறவில்லை. அவரிடம் தனியாகப் பேசி மருத்துவரைப் பார்க்கச் சொன்னோம். ரேனோ பாதிப்பு என்று தெரிந்தது. குளிர் பட்டவுடன் விரல் இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்ளும் நிலை. அவர் சம்மதத்தோடு மேலாளரிடம் சொன்னோம். சம்பளம் குறையாமல் சூடான பகுதிக்கு மாற்றப்பட்டார். அவருக்காக இன்னும் நல்ல கையுறை தைக்கலாம் என்று நாங்கள் முயன்றிருந்தால் அவரை அந்தக் குளிரிலேயே நிறுத்தி வைத்திருப்போம். இதை எழுதும்போதும் அந்த எண்ணம் என்னை உறுத்துகிறது.

ஆட்டுத்தோல் நுனி சீக்கிரம் தேய்ந்தது. ஆறாவது வாரத்தில் திரும்பி வந்த மேலுறைகளில் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், நுனியிலிருந்து ஒரு விரல்கடை கீழே, பளபளப்பாக மெலிந்திருந்தது. லேபிளை அழுத்தும் இடம் என்று நாங்கள் நினைத்தது நுனியை. அவர்கள் உண்மையில் அழுத்தியது பக்கவாட்டால். அந்த இடத்தில் இப்போது இரட்டைத் தோல் வைக்கிறோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே விரல் வெப்பநிலையை அளந்திருக்க வேண்டும். உணரியை இரண்டாவது சாம்பிளில்தான் எடுத்தோம். பழைய கையுறையில் அந்த அம்மாவின் விரல் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை. 17 டிகிரி நல்ல எண் என்று சொல்ல முடிகிறது. எவ்வளவு ஏறியது என்று சொல்ல முடியவில்லை.

லேபிள் கருவியையும் புதிய கையுறையையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தோம். ஆட்கள் குளிரில் நிற்கிறார்கள் என்ற அவசரம் அது. மனிதர்களாக அதற்காக வருந்தவில்லை. ஆனால் தவறான லேபிள்கள் குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது. கருவியை முதலில் வைத்து, ஒரு வாரம் எண்ணிவிட்டுக் கையுறைக்கு வந்திருக்கலாம்.

உடல்நிலைக் கேள்விகளை அளவெடுக்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். குளிரில் விரல் வெளுப்பது முன்பே உண்டா, விரலில் பழைய காயம் உண்டா என்ற இரண்டு கேள்விகள் போதும். அந்த இளைஞர் இரண்டு மாதம் முன்பே வெளியே வந்திருப்பார். இப்போது எங்கள் அளவுத் தாளில் இந்த இரண்டு கேள்விகளும் முதல் வரியில் இருக்கின்றன.

மீதமிருக்கும் அந்த 4 முறைகளின் அட்டையைப் பார்த்தேன். நான்கிலும் க என்றே எழுதியிருந்தது. பெட்டிகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை வெட்டும் கத்திக்கு நகத்தால் தள்ள வேண்டிய ஒரு சிறு பூட்டு இருக்கிறது. அழுத்தினால் வெளிவந்து, விட்டால் உள்ளே போகும் அகலப் பிடிக் கத்தி ஒன்றை மாஸ்டர் வரவழைத்திருக்கிறார். அடுத்த முறை போகும்போது அதை எடுத்துச் செல்கிறோம்.